சட்டியில் பனி

ஆர்வோ செய்தது உதவிதான். அதில் டேரினுக்கு அப்போதும் சந்தேகமில்லை, பிறகும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏரியிலிருந்து கிளம்பிய பனி இன்னும் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். அங்கே அறிவியல் நடத்துகிற டேரினுக்கு வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. காபிக் கோப்பையோடு சமையலறை ஜன்னலுக்கு வந்தவன், தன் டிஷ் ஆண்டெனாக் கம்பத்தருகே மாமனார் ஆர்வோ நிற்பதைப் பார்த்தான். இடுப்பளவு பனியில் நின்றுகொண்டு மண்வாரியின் முதுகால் ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தான்.

"என்ன பண்றீங்க ஆர்வோ?"

"உன் சட்டியத் தோண்டி எடுத்திருக்கேன். விளிம்பு மட்டும்தான் வெளிய தெரிஞ்சுது. பாவம், மூச்சு முட்டிப் போயிருக்கும்."

"நான் பண்ணியிருப்பேனே."

"பண்ணியிருப்ப. ஜூன் மாசம்." மறுபடி ஓங்கித் தட்டினார். "நின்னு துடைக்க ஒரு மேடை போட்டிருக்கேன். கம்பத்தச் சுத்தியும் இறுக்கிட்டேன். இனிமே ஆடாது, அசையாது."

"திடீர்னு என் சட்டி மேல என்ன பாசம்?"

ஆர்வோ தட்டுவதை நிறுத்தினார். மீசையில் தொங்கிய பனியைக் கையுறையால் துடைத்தார்.

"கேபிள் போயிடுச்சு," என்றார், யாரோ ஒருவர் வீட்டுச் சங்கதியைச் சொல்வதுபோல. "வளைவுல இருக்கே பூர்ச்ச மரம், அது விழுந்து கம்பிய இழுத்துட்டுப் போயிடுச்சு. ரெண்டு மணிக்கு ஐஸ் ஹாக்கி ஆட்டம் இருக்கு."

டேரின் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பாக இருந்திருக்கலாம். ஆகஸ்டிலிருந்து அந்த முகம் அதிகம் அசைந்ததில்லை.

"மரம் விழுந்தா கேபிள் போகும்னு நான் அன்னிக்கே சொன்னேன்."

"சொன்ன. 'மரம்தான் விழும், வானம் விழாது'ன்னும் சொன்ன." ஆர்வோ கையை விரித்துச் சுற்றிலும் காட்டினார். "இது என்னடா பையா அப்போ? வானம் விழாம வேற என்ன விழுந்துட்டிருக்கு?"

இரண்டு வீட்டுக்கும் நடுவே இந்தச் சண்டை பழையது. ஆர்வோவும் அவர் மனைவி லெம்பியும் கேபிள் கட்சி. அடுத்த வீட்டில் குடியேறிய மருமகன் டிஷ் கட்சி. அதைக் கூரையில் மாட்டினால் பனிக்காலத்தில் ஏறித் துடைக்க முடியாது என்று யோசித்து, தோள் உயரத்தில் கம்பம் நட்டு மாட்டினான். விளக்குமாற்றால் தட்டிவிடலாம். கணக்கு சரிதான். ஆனால் செப்டம்பரில் போட்ட கணக்கு. கூரைப்பனி சரிந்தால் சரியாக அந்த இடத்தில்தான் குவியும் என்பதை ஜனவரியில்தான் தெரிந்துகொண்டான். அங்கே பிறந்து வளர்ந்தவர்களே வெயில் காலத்தில் எதையாவது நட்டுவிட்டு இப்படித்தான் முழிப்பார்கள்.

ஆர்வோவின் மகள் ஐலா, டேரினின் மனைவி, கணவன் கட்சியில்தான் இருந்தாள். வாய் மட்டும் அப்பா கட்சி. பனி ஒட்டக்கூடாதென்று டிஷ்ஷின் மேல் அப்பச் சட்டிக்கு அடிக்கிற எண்ணெயை அடித்துவிடுவாள். வெண்ணெய் வாசனை போட்டது. ஒருநாள் நரி வந்து அதை நக்கிக்கொண்டிருந்தது. "பாரு, உன் சேனலுக்கு ஒரு ரசிகன்," என்றாள்.

ஆகஸ்டில், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால், அவள் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. முப்பது வயது முடியவில்லை. அடக்கத்துக்குப் பிறகு இரண்டு வீட்டிலும் யாரும் அவள் பெயரை எடுப்பதில்லை. பேசிவைத்து நடந்ததல்ல. லெம்பி ரொட்டி கொண்டுவந்து வைப்பாள், ஆர்வோ பனி அள்ளுவார், டேரின் நன்றி சொல்வான்.

பேசாததற்குச் சேர்த்துவைத்து ஆர்வோ ஒன்றைப் பற்றி மட்டும் ஓயாமல் பேசினார்.

"அந்தச் சட்டிய எடுத்துப் போட்டுட்டு கேபிளுக்கு வாடா. பெட்டிய டிஷ்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்துடு."

டேரின் ஒவ்வொரு முறையும் பார்க்கலாம் என்பான்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதற்குள் ஐலா இருந்தாள்.

போன வருஷம் ஜனவரித் திருவிழாவில் மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடும் பந்தயம். பாதி ஊர் ஓடியது. டேரின் அவளைத் தலைகீழாக முதுகில் தொங்கவிட்டு, கால்கள் இரண்டையும் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினான். இரண்டாவது பனித்திட்டில் கால் வழுக்கியது. அவள் தலை முதலில் உள்ளே போனது, பிறகு அவன் மேலே விழுந்தான். எழுந்தபோது உள்ளூர்த் தொலைக்காட்சிப் பெண் ஒருத்தி ஒலிவாங்கியை நீட்டிக்கொண்டிருந்தாள். டேரின் காதெல்லாம் பனி. மூச்சு வாங்கியபடி மல்லாந்து கிடந்தான். ஐலா ஏதோ சொல்வது தெரிந்தது, என்னவென்று கேட்கவில்லை.

அன்று மாலைச் செய்தியில் காட்டினார்கள். டிஷ் பெட்டியில் பதிவு செய்தான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. திரையில் அவள் வந்தாள், தொப்பி கோணலாக, புருவத்தில் பனியோடு.

"அடுத்த வருஷமும் வருவீங்களா?" என்று கேட்டாள் தொலைக்காட்சிப் பெண்.

"அடுத்த வருஷமா? நான்..." என்றாள் ஐலா.

அங்கே படம் கட்டம் கட்டமாக உடைந்தது. வாய் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். சத்தம் நின்றுபோனது. பிறகு எல்லாம் ஒன்றுசேர்ந்தபோது அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தொப்பி விழுந்தது. அவ்வளவுதான்.

"என்ன சொன்ன?" என்று சோபாவில் பக்கத்தில் இருந்தவளைக் கேட்டான்.

"கேபிள் வாங்கு. தெரியும்."

"சொல்லுடி."

"எங்கப்பா வீட்ல இந்நேரம் முழுசாப் பாத்திருப்பாங்க. உன் சட்டிகிட்டயே கேளு."

பிறகும் பலமுறை கேட்டான். ஒவ்வொரு முறையும் அதே பதில். வீட்டுக்குள் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. அவள் போன பிறகு அந்தத் தொலைக்காட்சி நிலையத்தைக் கேட்டுப் பார்த்தான். அந்த நாடாவின் மேல் எப்போதோ வேறு ஏதோ பதிவு செய்துவிட்டார்கள்.

ஆர்வோவையும் லெம்பியையும் கேட்கவில்லை. கேட்பதென்றால் அவள் பெயரைச் சொல்லித் தொடங்கவேண்டும். இன்னொன்றும் இருந்தது. அவள் அவனிடம் சொல்ல மீதி வைத்திருந்தது அந்த ஒன்றுதான்.

ஆர்வோ மேடை போட்ட அன்று நண்பகலில் மின்சாரம் போய், கொஞ்ச நேரத்தில் வந்தது. குளிர்சாதனப் பெட்டி முனகி எழுந்தது. கடிகாரம் பன்னிரண்டைக் காட்டி மினுக்கியது. தொலைக்காட்சியைப் போட்டான். நீலத்திரை. செயற்கைக்கோளைத் தேடுகிறது என்று ஒரு வரி, கீழே நகராத பட்டை.

காத்திருந்தான். பெட்டியின் வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினான். அதே வரி.

மின்சாரம் போகாமல் இருந்திருந்தால் சிக்னல் இல்லாவிட்டாலும் பதிவானதைப் பார்த்திருக்கலாம். ஒருமுறை அணைந்து எழுந்தால் பெட்டி முதலில் வானத்தைக் கண்டுபிடித்தாகவேண்டும். கண்டுபிடிக்கும்வரை எதையும் காட்டாது. டேரினுக்கு அது தெரியும்.

இரண்டு மணிக்குச் சற்று முன் மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். லெம்பியின் கையில் துணி சுற்றிய ஏலக்காய் ரொட்டி. ஆர்வோ காலணியைக் கழற்றி, கம்பளிக் காலுறையோடு நேராக நாற்காலிக்குப் போனார். திரையைப் பார்த்தார்.

"என்னடா இது, வெறும் நீலமா இருக்கு?"

"சிக்னல் இல்ல."

"சட்டியத்தான் கண்ணாடி மாதிரித் துடைச்சு வச்சேனே!"

டேரின் வெளியே போய்ப் பார்த்தான். டிஷ் சுத்தமாக இருந்தது. கம்பத்தைச் சுற்றி ஆர்வோ எழுப்பிய மேடை சிமெண்ட்போல் இறுகியிருந்தது. அள்ளிய பனியை உதிரியாக விட அந்த ஊர்க்காரர்களுக்கு மனம் வராது. தட்டி, இறுக்கி, மேலே தடவியும் விடுவார்கள். அந்த இறுக்கம் கம்பத்தைக் கிழக்கே தள்ளியிருந்தது. விரல் அகலம்கூட இருக்காது. ஆனால் வானத்தில் அது பல நூறு மைல்.

உள்ளே வந்து சொன்னான்.

"நான் ஆடக்கூடாதேன்னு இறுக்கினேன்," என்றார் ஆர்வோ. பிறகு தொண்டையைச் செருமினார். "போகட்டும் விடு. எங்க வீட்டுக் கம்பிய இழுத்துக் கட்ட வியாழக்கிழமை கேபிள்காரன் வர்றான். உனக்கும் சேத்துப் போடச் சொல்லிட்டேன். அந்தப் பெட்டிய மூட்டை கட்டி அனுப்பிடு. தொல்லை விட்டுது."

"யாரக் கேட்டுச் சொன்னீங்க?"

"யாரக் கேக்கணும்? ஒவ்வொரு பனிக்கும் இதே ரோதனை. ஒரு ஓட்டைப் பெட்டிக்காக..."

"அதுல அவ இருக்கா."

லெம்பி ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்த கத்தியை நிறுத்தினாள்.

"பெட்டிய அனுப்பினா அவளும் போயிடுவா," என்றான் டேரின். "ஐலா." பெயரையும் சொல்லிவிட்டான். "போன வருஷம் டிவில வந்தது. வேற எங்கயும் இல்ல. இப்ப அது தொறக்கவும் மாட்டேங்குது."

ஆர்வோ மனைவியைப் பார்த்தார். லெம்பி கத்தியைக் கீழே வைத்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"சட்டியத் திருப்ப ரெண்டு ஆள் வேணும், இல்லையா?" என்றாள். "ஒருத்தர் உள்ள இருந்து பாத்துச் சொல்லணும்."

"ஆமா."

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் கத்தறேன்."

முதலில் மேடையை உடைக்கவேண்டியிருந்தது. ஆர்வோ காலையில் இறுக்கியதைத் தானே கடப்பாரை போட்டுப் பெயர்த்தார். அடிவரை தோண்டியதும் கம்பத்தை மார்போடு அணைத்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். டேரின் கையுறையைக் கழற்றிவிட்டுத் திருகுசாவியால் மறையைத் தளர்த்தினான். இரும்பு விரலில் ஒட்டியது.

லெம்பி ஜன்னலைத் தூக்கிவிட்டுத் தலையை நீட்டினாள்.

"ஒண்ணுமில்ல!"

மயிரிழை நகர்த்தினான்.

"ஒண்ணுமில்ல! இன்னும் நீலந்தான்!"

இன்னும் கொஞ்சம்.

"ஒண்ணும்... இரு, இரு! ஏறுது! ஏறுது! போச்சூ..."

அந்த 'போச்சு'வைக் கடைசியில் மேலே இழுத்து விட்டாள். ஐலா அப்படித்தான் இழுப்பாள். டிஷ் மாட்டிய அன்று இதே ஜன்னலில் நின்று இதேபோல் கத்தினாள். டேரின் கை மறையின்மேல் அப்படியே நின்றது.

"என்னடா நின்னுட்ட?" என்றார் ஆர்வோ, கம்பத்தை அணைத்தபடி. "எனக்கு மூக்கு உதிரப் போவுது."

"ஒண்ணுமில்ல."

"எனக்கும் அந்தக் குரல்தான் கேட்டுச்சு," என்றார் அவர். வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "திருகு. சீக்கிரம் திருகு."

திருகினான். பனி இமையில் உட்கார்ந்தது. நெடுநேரம் ஆனதுபோல் இருந்தது. பிறகு லெம்பி, "நிறுத்து! தொடாத! அப்படியே விடு!" என்று கூவினாள். மறையை இறுக்கினான்.

உள்ளே வந்தபோது ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ யாரையோ ஓரப் பலகையில் மோதித் தள்ளினார்கள். ஆர்வோ நாற்காலியில் சாய்ந்து கைகளை அக்குளில் சொருகிக்கொண்டார். டேரின் ரிமோட்டை எடுத்தான். பதிவானவற்றின் வரிசையில் கீழே இறங்கினான். கடைசியில், மாலைச் செய்தி என்ற பெயரில், அது இருந்தது. சோபா விளிம்பில் உட்கார்ந்தான்.

"இருக்கு," என்றான். "பாக்கறீங்களா?"

"வேண்டாம் கண்ணு." லெம்பி சட்டென்று சொன்னாள்.

"ஆட்டத்தப் போடு," என்றார் ஆர்வோ.

"நீங்க அத முன்னாடியே பாத்திருக்கீங்க. அன்னிக்கு, கேபிள்ல."

"பாத்திருக்கோம்," என்றாள் லெம்பி. "டிசம்பர்ல ஒருநாள் ரொட்டி கொண்டாந்தேன். கதவத் தட்டலாம்னு கையத் தூக்கினேன். உள்ள அவ சிரிப்புக் கேட்டுது. நின்னுது. மறுபடி கேட்டுது. நீ திரும்பத் திரும்பப் போட்டுட்டே இருந்த. ரொட்டிய வாசல்லயே வச்சுட்டு வந்துட்டேன். இவர்கிட்டச் சொன்னேன். அந்தப் பெட்டி இவன விட்டுப் போனாத்தான் இவன் பொழைப்பான்னு இவர் சொன்னாரு."

"அவ சொன்னத தினமும் கேட்டுட்டே இருந்தா மனுஷனுக்கு என்ன ஆகும்?" என்றார் ஆர்வோ.

"அவ என்ன சொன்னா?"

"என்னடா கேள்வி இது?"

டேரின் பொத்தானை அழுத்தினான். கோணல் தொப்பி, புருவத்தில் பனி. அடுத்த வருஷமும் வருவீங்களா? அடுத்த வருஷமா? நான்... கட்டங்கள். வாய் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். மௌனம். பிறகு சிரிப்பு, விழும் தொப்பி.

"ஏன் நடுவுல இப்படி உடையுது?" என்றாள் லெம்பி. அவள் கை வாயருகே போயிருந்தது.

"அன்னிக்கும் பனி. சட்டில தேங்கிடுச்சு."

"அப்போ அவ சொன்னது உனக்குக் கேக்கவே இல்லையா?"

"இல்ல. கேட்டா, கேபிள் வாங்குன்னா."

முதியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு நாளும் அவர்கள் எதைக் கண்டு பயந்தார்களோ அது இவனிடம் இல்லவே இல்லை என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. டேரினுக்கும் ஒன்று புரிந்தது. அவள் சொன்னது நல்ல வார்த்தையாக இருக்கமுடியாது.

"அடுத்த வருஷம் நான் அவனத் தூக்கிட்டு ஓடறேன்னு சொன்னா," என்றாள் லெம்பி. "அவ்ளோதான். வெளயாட்டா."

"ஆமா," என்றார் ஆர்வோ. "அதான். தூக்கிட்டு ஓடறேன்னா." கால்மேல் கிடந்த கையுறையை எடுத்து விரல் விரலாக உருவத் தொடங்கினார். நாற்பது வருடம் மரம் வெட்டியவர். பொய் சொல்லப் பழகாதவர்.

"ஆர்வோ."

"ம்."

"என்னப் பாத்துச் சொல்லுங்க."

ஆர்வோ பார்க்கவில்லை. திரையில் தொப்பி விழுந்த இடத்திலேயே படம் நின்றிருந்தது. அதைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அடுத்த வருஷமா? நான் இருக்க மாட்டேம்மா. அவன் ஒரு மாவு மூட்டையத் தூக்கிட்டு ஓடட்டும். அதயாவது கீழ போடாமப் போறானான்னு பாப்போம்." நிறுத்தினார். "அதான் சொன்னா."

லெம்பி முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டாள்.

"வெளயாட்டுக்குத்தான் சொன்னா கண்ணு," என்றாள் உள்ளிருந்து.

"தெரியும்."

மறுபடி போட்டான். அவர்கள் தடுக்கவில்லை. கேள்வி வந்தது. அடுத்த வருஷமா? நான்... கட்டங்கள் உடைந்து கிடந்த அந்த மௌனத்தில் ஆர்வோ சொன்னதை வைத்துப் பார்த்தான். நீளம் சரியாக இருந்தது. பாப்போம் முடிந்த இடத்தில் சிரிப்பு வந்தது. இத்தனை நாள் அந்தச் சிரிப்பு எங்கிருந்தோ காரணமில்லாமல் வந்து நின்றது. இப்போது அதற்கு ஒரு காரணம் இருந்தது. நல்ல கிண்டல்தான். அன்று காதில் பனி இல்லாமல் இருந்திருந்தால் அவனும் சிரித்திருப்பான்.

இந்தச் சனிக்கிழமை திருவிழா. அவன் அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தான்.

"வியாழக்கிழமை வர்றவன்கிட்ட என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார் ஆர்வோ.

"உங்க வேலைய முடிச்சுட்டுப் போகச் சொல்லுங்க."

ஆர்வோ தலையாட்டினார். டேரின் ஆட்டத்தைப் போட்டான். லெம்பி ரொட்டியை வெட்டித் தட்டில் வைத்தாள். மூவரும் சாப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஆட்டக்காரர்களின் கால்கள் தனியாக, மட்டைகள் தனியாகக் கட்டங்களாகச் சிதறத் தொடங்கின.

ஆர்வோ எழப்போனார்.

"நீங்க உக்காருங்க," என்றான் டேரின். "நீங்க துடைச்சது போதும்."

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனான். வெளியே வெளிச்சம் குறைந்துவிட்டிருந்தது. டிஷ்ஷில் பனி கையளவு ஏறியிருந்தது. தட்டினான். கொத்தாக விழுந்தது. மீதியையும் தேய்த்து எடுத்தான்.

அவளிடம் கேட்க இனி ஒன்றுமில்லை.

ஜன்னல் தூக்கப்படும் சத்தம் கேட்டது.

"வந்துடுச்சு டேரின்!" என்றாள் லெம்பி. "படம் வந்துடுச்சு. உள்ள வா."

அவன் சுத்தமான டிஷ்ஷைத் துடைத்துக்கொண்டே நின்றான்.